கை தூக்காதவளைப் படம் எடுத்தார்கள்

அந்த நாவலில் வீடுகளுக்குக் கதவு கிடையாது. தெருக்களுக்குத்தான் கதவு. ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக வேண்டுமென்றால் கதவடியில் நின்று இரண்டு கைகளையும் தூக்க வேண்டும். காவலன் தடவிப் பார்த்துவிட்டு விடுவான். எதைத் தேடுகிறான் என்று நாவல் எங்கும் சொல்வதில்லை. தேடுகிறவனுக்கே தெரியாது. அந்த நகரத்தில் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே கை தூக்கப் பழகிவிடுகின்றன. உறங்குகிறவர்கள் உறக்கத்தில் தூக்குகிறார்கள். செத்தவர்களைக்கூடக் கைகளை உயர்த்திக் கட்டித்தான் எடுத்துப் போகிறார்கள். சுடுகாடு வரைக்கும் அத்தனை கதவு இருக்கிறதே.

ஒரு சாயங்காலம் ஒரு பெண் கதவடிக்கு வருகிறாள். நடுவயது. பெயர் இல்லை. துணி வெளுக்கிறவள். அவள் கைகளைத் தூக்கவில்லை.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக ஒன்றுமே நடப்பதில்லை. கைகள் தொங்குகின்றன. நாளெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். ஒரு ஈ வந்து உட்காருகிறது, எழுகிறது. காவலன் காத்திருக்கிறான். அவளுக்குக் கோபமா, களைப்பா, மறந்துவிட்டாளா, ஒன்றும் சொல்லப்படவில்லை. கைகள் தொங்க நிற்கிறவளைத் தடவிப் பார்ப்பது எப்படி என்று யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. கடைசியில் அவன் கொஞ்சம் நகர்ந்து நிற்கிறான். அவள் போகிறாள். தூரத்தில் அடுத்த கதவு தெரிகிறது. புத்தகம் முடிந்துவிடுகிறது.

வேலூர் புத்தகக் கண்காட்சியில், வேறு எதையோ தேடிப் போனபோது வாங்கியது. கம்பெனி காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறேன். அட்டை கிழிந்து, மாற்றி, மறுபடி கிழிந்துவிட்டது. மனசு ஓர் இடத்தில் நிற்காத நாட்களில் அந்தக் கடைசிப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொள்வேன். ஒன்றுமே நடக்காத அந்த இடத்தில் என் மூச்சு வந்து உட்காரும்.

நான் வேலை செய்வது ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், செக்கிங் பிரிவில். முடிந்து வருகிற ஷூவுக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஆணி முனை, பசைக் கட்டி, உள்தோலில் மடிப்பு. கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தப்பாது. எங்கேயோ ஒரு குளிர் தேசத்துக்காரன் கால் வைக்கப்போகிற இருட்டில் பகல் முழுக்க என் கை கிடக்கும். சாயங்காலம் சங்கு ஊதினால் கேட். கேட்டில் செக்யூரிட்டிப் பெண். பையைத் திற, கை தூக்கு, அரைச் சுற்று திரும்பு, செருப்பைக் காட்டு. இந்தக் கடைசிக் காரியம் ஷூ கம்பெனிகளுக்கே உரியது. காலையில் போட்டுவந்த செருப்போடுதான் திரும்பிப் போகிறோமா என்று பார்ப்பார்கள். ஒரு காலைப் பின்னால் மடக்கி அடிப்பாகத்தைக் காட்டி, அப்புறம் மற்றக் கால். கொக்குக் கூட்டம் மாதிரி இருக்கும். அத்தனையும் பேச்சு அறுபடாமல் செய்வோம். ராத்திரிக்குக் குழம்பா ரசமா என்று பேசிக்கொண்டே கை ஏறும், இறங்கும்.

நாவலை முதல் தடவை முடித்த மறுநாள், கேட்டில் என் கைகள் மேலே போவதைப் பார்த்தேன். அதற்கு முன்னாலும் வருஷக்கணக்கில் போயிருக்கின்றன. நான் பார்த்ததில்லை.

பார்த்ததை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை, ஸ்டிட்சிங் பிரிவில் இருக்கும் ஒருத்திக்கு. அணைக்கட்டுப் பக்கத்து ஊர். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். பகலெல்லாம் ஊசியையே பார்த்துவிட்டு எழுத்தைப் பார்த்தால் எழுத்தும் குத்துகிறது என்பாள். படிக்க மாட்டாள். ஆனால் அவளைப் போலக் கதை கேட்க ஆள் கிடைக்காது. வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் "அப்புறம்?" என்பாள். அந்த ஒற்றைச் சொல்லில் கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி ஓர் இழுப்பு இருக்கும். நாவலை அவளுக்குத் தவணை முறையில் சொல்லிக்கொண்டு வந்தேன். கதவே இல்லாத வீட்டில் பொம்பளைங்க துணி மாற்றுவது எப்படி என்று கேட்டாள். எழுதினவருக்கு அந்த யோசனை வரவில்லை போலிருக்கிறது, எனக்கும்தான். புடவையைக் கட்டி மறைத்துக்கொள்வார்கள் என்று நானே ஒரு புடவையைத் தொங்கவிட்டேன்.

அந்தப் பெண் கதவடிக்கு வரும் இடம்வரை கொண்டுவந்து விட்டேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. ஹார்ன் சத்தத்தில், முன் சீட்டில் சிரிப்பில், ஒன்றுமே நடக்காத பக்கங்களை எப்படிச் சொல்வது? "கை தூக்கல" என்று சொன்னால் இரண்டு வார்த்தையில் தீர்ந்துவிடும். அந்த நிற்பு போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் அதைப் படமாக எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. மீதியைப் படத்தில் பாரு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். என்னால் பேசிக் காட்ட முடியாததை ஒரு திரை காட்டிவிடும் என்று நம்பினேன். திரைக்கு வார்த்தை வேண்டாமே. இரண்டு கைகளைக் காட்டினால் போதும்.

அப்புறம், யாரும் நினைக்காதபடி, படமே ஆம்பூருக்கு வந்து இறங்கியது. பாலாற்றை ஒட்டி, மூடிக் கிடக்கிற ஒரு தோல் பதனிடும் டேனரியில் ஷூட்டிங். கூட்டத்துக்குப் பெண்கள் வேண்டும் என்று ஏஜெண்ட் ஒருவர் எங்கள் பஸ் டிரைவரிடம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, அதே பஸ், அதே முகங்கள். நான் கோயிலுக்குப் போகாமல் கிளம்பினேன். சர்ச் ஆராதனையை விட்டுவிட்டு எங்கே என்று வீட்டில் கேட்டதற்கு, ஒரு புத்தகத்துக்குள்ளே போய்விட்டு வருகிறேன் என்றேன். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார் வீட்டுக்காரர்.

அந்த டேனரியை நாங்கள் எல்லோரும் அறிவோம். யாருடைய அப்பாவோ அண்ணனோ அங்கே சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர்கள். தோலை உருட்டுகிற மர டிரம்கள் இப்போது சுழலாமல் நிற்கின்றன. படம் எடுக்க வந்தவர்கள் சுவர்களுக்கு மேலும் கறுப்படித்து, புகை போட்டு, நரகமாக்கியிருந்தார்கள். எங்களுக்குச் சாம்பல் நிறத்தில் சாக்குத் துணி மாதிரி ஓர் அங்கி கொடுத்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னார்கள். நீங்கள் எல்லோரும் அடிமைகள், பயந்துகொண்டே வரவேண்டும், காவலன் விளக்கைக் காட்டியதும் மெதுவாகக் கை தூக்க வேண்டும் என்று டைரக்டர் மைக்கில் சொன்னார். நல்ல பையன். எங்களை வாங்கம்மா போங்கம்மா என்றுதான் பேசினார்.

கை தூக்காத பெண்ணாக யார் நடிக்கிறார்கள் என்று வாக்கி டாக்கி வைத்திருந்த பெண்ணிடம் கேட்டேன். பெரிய ஆர்ட்டிஸ்ட், நாளைக்கு வருகிறார் என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த இடத்தை வெட்டவில்லை. இருக்கிறது.

ஆக்‌ஷன் என்றார்கள். வரிசை நகர்ந்தது. காவலன் விளக்கை எடுப்பதற்கு முன்னாலேயே முதல் ஆளின் கை ஏறிவிட்டது. பின்னாலேயே எல்லார் கையும். யாருக்கும் பயம் வரவில்லை. அரைச் சுற்று திரும்பினோம். கட் கட் என்று சத்தம். டைரக்டர் எங்களிடம் ஓடிவந்து, கை சரி, எதற்காக எல்லோரும் காலைத் தூக்கிக் காட்டினீர்கள் என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தூக்கினோமா? யாருக்கும் நினைவில்லை.

"செருப்பு சார்," என்றாள் என் பக்கத்து இருக்கைக்காரி.

"செருப்பே போடலையேம்மா நீங்க."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம். வெறுங்கால். இல்லாத செருப்பின் அடிப்பாகத்தை வரிசையாக மடக்கி மடக்கிக் காட்டியிருந்தோம். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்து, அது அப்படியே கடைசி ஆள்வரை போய், திரும்பி வந்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. கேமராக்காரரிடம் போய் ஏதோ முணுமுணுத்தார். அப்படியே இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்ய வரவில்லை. எந்தக் கால் முதலில் என்று எல்லோருக்கும் குழம்பிவிட்டது, ஒருத்தி விழுந்தே விட்டாள். கடைசியில் முதலில் எடுத்ததையே வைத்துக்கொண்டார்கள்.

மதியம் சென்னையிலிருந்து வந்த கேட்டரிங்காரர் பிரியாணி பரிமாறினார். ஆம்பூரில், ஆம்பூர்க்காரிகளுக்கு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தக்காளி சாதம் நல்லாத்தான் இருக்குது என்று அவரிடமே பெரிய மனசோடு சொன்னாள் என் பக்கத்து இருக்கைக்காரி.

படம் வந்ததும் ஆம்பூரில் ஒரு பகல் காட்சிக்கு எல்லோரும் சேர்ந்து போனோம். அவள் என் பக்கத்தில். தியேட்டரிலும் அதே கடலைப் பொட்டலம்.

நாங்கள் திரையில் வந்தோம். சாம்பல் அங்கி, புகை, இழுத்து இழுத்து அழுகிற வயலின். கைகள் ஏறின. பிறகு கால்கள். வெறும் பாதங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் மடங்கின. தியேட்டர் மொத்தமும் குலுங்கிச் சிரித்தது. பாதிப் பேருக்கு அது தினம் செய்வது. பால்கனியிலிருந்து ஒருவன், செருப்பு காட்டியாச்சா, பஸ் ஏறு என்று கத்தினான். பிற்பாடு போனில் பார்த்த வீடியோவில் ஒரு விமர்சனக்காரர், அந்தப் பாதங்களைப் பார்த்து உறைந்துபோனதாகவும், இயக்குநரின் கற்பனை எங்கேயோ போய்விட்டதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு பக்கமும் நிற்க முடியவில்லை. சிரித்த தியேட்டரிலும் என் சத்தம் சேரவில்லை, உறைந்தவரோடும் சேரவில்லை.

அப்புறம் அவள் வந்தாள். துணி வெளுக்கிறவள். படத்தில் அவள் ஹீரோவுடைய அம்மா. சரி, இருக்கட்டும், கை எங்கே போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய நடிகைதான், முகத்தில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் நடந்து வந்தாள். கதவடியில் நின்றாள். கைகள் தொங்கின. கேமரா இறங்கி விரல்களுக்குப் போனது. நான் பக்கத்தில் இருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இதோ, இதுதான், இதைத்தான் உனக்குச் சொல்ல முடியாமல் இருந்தேன், பார்த்துக்கோ.

காவலன் தடியை ஓங்கினான். பின்னாலிருந்து ஒரு கை வந்து அந்தத் தடியைப் பிடித்தது.

விசில். காகிதம் பறந்தது. தடியைப் பிடித்த கையிலிருந்து கேமரா மெல்ல மெல்லத் தோளுக்கு ஏறி ஹீரோவின் முகத்துக்கு வருவதற்குள் ஒரு பாட்டே முடிந்துவிடும் போலிருந்தது. பிறகு காவலர்கள் ஒவ்வொருவராகச் சுண்ணாம்புக் குழியில் விழுந்தார்கள். நின்றுபோன டிரம்கள் சுழன்றன, அவற்றுக்குள்ளும் சண்டை. அம்மா ஓரமாக நின்று அழுதாள். கடைசியில் எல்லாக் கதவுகளையும் கொளுத்தினார்கள். அடுத்த கதவு என்று ஒன்று மிஞ்சவே இல்லை.

வெளியே வந்ததும் அவள், படம் சூப்பர்க்கா என்றாள். நம்ம கால் அவ்ளோ பெருசா தெரிஞ்சுது பாத்தியா என்றாள். மற்றவர்கள் சுவரொட்டி பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வேகமாக நடந்தேன். யாரோ என் வீட்டில் புகுந்து, இருந்த ஒரே ஒரு காலியான அறையில் பீரோவையும் கட்டிலையும் அடைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஆற அமர உட்கார இனி இடமில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கு மறுநாளும். ஷூவுக்குள் கைவிட்டால் ஹீரோவின் கை வந்து பிடித்தது. புத்தகத்தைப் பிரித்தால் ஈ உட்கார்கிற இடத்தில் வயலின் கேட்டது. அவளுக்குக் கொண்டுசேர்க்க நினைத்ததைக் கொண்டுசேர்க்கவில்லை என்பதோடு, எனக்கென்று இருந்ததும் போய்விட்டதோ என்று பயமாக இருந்தது.

இன்னாக்கா, யார் மேல கோவம் என்று அவளாகவே கேட்டாள். கதை அப்படி இல்லை என்றேன். துணி வெளுக்கிறவள் ஹீரோவுக்கு அம்மா இல்லை, அவன் வருவதும் இல்லை, யாரும் வருவதில்லை. முழுசையும் சொன்னேன், ஈயை விடாமல். வாய் வராதென்று நான் ஒதுக்கி வைத்திருந்த இடத்தை, கோபத்தில், பஸ் குலுங்கக் குலுங்கச் சொல்லி முடித்தேன். அவள் கடலையை மெல்லாமல் கேட்டாள்.

"சரி," என்றாள். "பின்னாடி நின்னவங்க இன்னா சொன்னாங்க?"

"எந்தப் பின்னாடி?"

"வரிசைலக்கா. இவ பாட்டுக்கு நிக்கிறா. பின்னாடி அவ்ளோ பேரு நிக்கிறாங்க, வூட்டுக்குப் போவணும், புள்ளைங்களுக்கு ஆக்கணும். சும்மாவா இருப்பாங்க?"

"அதெல்லாம் புக்ல இல்ல."

"அதான பாத்தேன்," என்றாள். "எவனாவது வந்து தூக்கிட்டுப் போனாதான் உண்டு. இல்லன்னா நம்மாளுங்களே அவள பிடிச்சு இழுத்து ஓரமா வுட்டுட்டுப் போய்ட்டே இருப்பாங்க."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, நின்றபடியே புத்தகத்தைப் புரட்டினேன். வரிசை இருந்தது. நீண்ட வரிசை என்று ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தது. அந்த வரிசை அதற்குப் பிறகு இருமவில்லை, கால் மாற்றி நிற்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை தடவை படித்திருக்கிறேன். தினம் அப்படியொரு வரிசையில் நிற்கிறவள் நான். எனக்கு அது கேட்டதே இல்லை. படத்தின் மேல் இருந்த கோபம் இப்போது எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றியது. பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். கழுவினதையே மறுபடியும் கழுவினேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள். சங்கு ஊதியது. அவள் எனக்கு நேர் பின்னால். செக்யூரிட்டிப் பெண் பையைப் பார்த்து மூடினாள். அடுத்தது கை. என் கைகள் போகவில்லை. திட்டம் ஏதும் இல்லை. ஒரு கையில் பை இருந்தது, இன்னொன்றில் ஒன்றும் இல்லை, இரண்டும் கனத்தன. மேலே போகச் சொல்லிப் பழக்கப்பட்ட ஏதோ ஒன்று அன்றைக்குச் சொல்லவில்லை. செக்யூரிட்டிப் பெண் என்னைப் பார்த்தாள். வருஷக்கணக்காகப் பார்க்கிற முகம், அதில் கோபம் இல்லை. அவள் உள்ளங்கைகள் இரண்டும் காற்றில் எனக்காகக் காத்திருந்தன.

பின்னால் சத்தம் ஆரம்பித்தது. இன்னா ஆச்சு முன்னாடி. யாருக்காவது மயக்கமா. பேஜாரு, பஸ் எடுத்துடுவான். ஒருத்தி உச்சுக் கொட்டினாள். யாரோ டிபன் பாக்ஸால் அடுத்தவள் முதுகில் இடித்தாள். புத்தகத்தில் இல்லாதது மொத்தமும் என் பிடரியில் வந்து விழுந்தது. வியர்த்தது. இதோ தூக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"இன்னாக்கா," என்றாள் என் பின்னால் நின்றவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஹீரோ வர்ற வரைக்கும் நிப்பியா?"

வரிசை வெடித்துச் சிரித்தது. செக்யூரிட்டிப் பெண்ணும் படம் பார்த்தவள்தான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, வாயைப் பொத்த ஒரு கை போய்விட்டது. மிஞ்சிய ஒரு கையால் என் தோளைத் தள்ளி, போக்கா போ, கூட்டம் ஜாஸ்தி என்றாள். நானும் சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டேன். தாண்டி நாலைந்து எட்டு வைத்த பிறகுதான் பார்த்தேன், கைகள் இன்னும் கீழேயே இருந்தன.

திரும்பினேன். அவளுடைய முறை. கைகள் ஏறின, அரைச் சுற்று திரும்பினாள், செருப்பைக் காட்டினாள், எல்லாம் வழக்கம் போல. ஆனால் அவ்வளவு நேரமும் அவள் கண் என் கைகளில் இருந்தது.

பஸ் ஏறினோம். மாதனூர் தாண்டியது. இது கணக்கில் சேருமா சேராதா என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிரிப்பில் நழுவிப் போனது எப்படி அதுவாகும்? புத்தகத்துப் பெண் சிரிக்கவில்லையே, அவளைப் பார்த்தும் யாரும் சிரிக்கவில்லையே. பையின் வாரை முறுக்கினேன், பிரித்தேன். பள்ளிகொண்டா டோல் கேட்டில் பஸ் வேகம் குறைந்தபோது அவள் கடலைப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அக்கா, அந்தத் துணி தொவைக்கிறவ. அடுத்த கேட்டாண்ட இன்னா பண்ணா?"

புத்தகத்தில் அடுத்த கதவு தெரிவதோடு சரி, அதற்கு மேல் அட்டைதான். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். எங்களுக்கு முன்னால் லாரிகள் நின்றன, எங்களுக்குப் பின்னாலும் நின்றன, எல்லோரும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கயும் வரிசைதான்," என்று ஆரம்பித்தேன். "அவ போய் நின்னா. பின்னாடி நின்னவங்க எல்லாம் கத்த ஆரம்பிச்சாங்க."

அவள் கால்களை சீட்டின் மேல் மடக்கி வைத்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.